வார இறுதியில் ஊர்ச்சோறு தேடி: கொங்கு நாட்டில் நான்கு வழிகள், எந்தக் குடும்பத்துக்கு எது?

கோவையிலும் திருப்பூரிலும் குடியிருக்கும் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் கையில் இருக்கிறது. ஒரு கார், அதில் கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், வீட்டுப் பெரியவர் ஒருவர். இடங்களைப் பார்ப்பதைவிட அந்தந்த ஊர்ச்சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு வருவதே நோக்கம் என்றால், எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது? ஊட்டியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. 2024 மே மாதத்திலிருந்து அங்கே செல்ல இ-பாஸ் வேண்டும் என்பது ஒரு காரணம். அங்குள்ள கடைகளில் கிடைப்பது கொங்குச் சோறு அன்று என்பது பெரிய காரணம்.

கேள்வி எளிதாகத் தோன்றினாலும் விடை எளிதாக இல்லை, ஏனென்றால் கொங்குச் சமையல் அடிப்படையில் வீட்டுச் சமையல். அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே பானையில் ஆக்கும் அரிசிம்பருப்பு, இடியாப்பம்போல் பிழிந்து, அந்தச் சூட்டோடு தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடும் சந்தகை, கொள்ளுப்பருப்பு, பச்சைப்புளி ரசம், ஒப்புட்டு எனப்படும் போளி ஆகியவை கடையை நினைத்து உருவானவை அல்ல. பெயர்ப்பலகையில் ‘கொங்கு’ என்று எழுதியிருக்கும் உணவகத்தில் நுழைந்தால் எந்த ஊரிலும் கிடைக்கும் பரோட்டாவும் பிரியாணியுமே இலைக்கு வருவது உண்டு. ஆகவே, போகும் வழியில் தானாகக் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்புவதைவிட, எந்த ஊரில் எது உண்மையாகக் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டு கிளம்புவதே நல்லது.

## முதலில் அளவுகோல்கள்

பல ஆண்டுகள் பல வழிகளில் போய்வந்த பிறகு, நான் முதலில் வைக்கும் அளவுகோல் மதியச் சாப்பாடு. ஒரு நாளைக்கு ஒரு பெருஞ்சாப்பாடுதான் ஒரு குடும்பத்தால் மனதார உண்ண முடியும். காலையில் ஒரு புகழ்பெற்ற கடை, பதினொரு மணிக்கு இன்னொன்று, மதியம் மற்றொன்று என்று பட்டியல் போட்டுக்கொண்டு போனால் மூன்றாவது கடையில் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள், பெரியவருக்கு வயிறு கனத்துவிடும். எனவே, சனிக்கிழமை மதியம் எந்த இலையின் முன்னால் உட்காரப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த இலைக்குப் பன்னிரண்டரை மணிக்குள் பசியோடு போய்ச் சேரும்படி வழியைப் பின்னோக்கி வகுக்க வேண்டும்.

அடுத்தது, அங்கே கிடைப்பது அந்த ஊருக்கே உரியதா என்பது. மூன்றாவது, காரில் இருக்கும் எல்லோரும் அதைச் சாப்பிட முடியுமா என்பது. காரம் தாங்காத பிள்ளையும், கறி உண்ணாத பெரியவரும், முள்ளுக்குப் பயப்படுபவரும் ஒரே வண்டியில்தான் இருக்கிறார்கள். நான்காவது முழுச் செலவு: பெட்ரோல், சுங்கம், அறை, வழியில் வாங்கும் பொருள் எல்லாம் சேர்ந்தது. ஐந்தாவது, ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் நடந்து, குளித்து, உட்கார்ந்து பசியை மீட்டுக்கொள்ள இடம் இருக்கிறதா என்பது.

கீழே உள்ள தூரங்கள் கோவையிலிருந்து போய்வர ஏறத்தாழ ஆகும் கணக்கு. பெட்ரோல் செலவை, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு, லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக் கணித்திருக்கிறேன்.

## காவிரிக்கரை: ஊத்துக்குளி, ஈரோடு, பள்ளிபாளையம், பவானி

கறி விரும்பும் குடும்பத்துக்கு இதற்கு நிகரான வழி கொங்கு நாட்டில் வேறில்லை. செங்கப்பள்ளியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஊத்துக்குளி போனால் வெண்ணெயும் நெய்யும் வாங்கலாம். விருந்து இலையில் முதலில் பருப்பும் நெய்யும் விழும் நாட்டில் நெய்க்கென்றே ஒரு ஊர் பேர் வாங்கியிருப்பது வியப்பில்லை. ஆனால் போகும்போதே வெண்ணெய் வாங்கிக் காரில் வைத்தால் மதிய வெயிலில் உருகிப் போகும். நெய்யை வாங்குங்கள், வெண்ணெய் வேண்டுமென்றால் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம். தமிழ்நாடு முழுவதும் உணவகப் பட்டியல்களில் இடம்பெற்றுவிட்ட பள்ளிபாளையம் சிக்கன் இந்த விசைத்தறி ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. வெளியூர்களில் அந்தப் பெயரில் மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் போட்டுச் சிவக்கச் சிவக்கக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அசல் முறையில் பொடி எதுவும் கிடையாது. கோழி, நிறையச் சின்ன வெங்காயம், கிள்ளி விதை உதறிய காய்ந்த மிளகாய், தேங்காய்ச் சில்லு, மஞ்சள், கறிவேப்பிலை, எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மிளகாயின் விதையை உதறிவிடுவதால் வாசனை தூக்கலாகவும் காரம் அடக்கமாகவும் இருக்கும்; கோழி தன் சாற்றிலேயே வெந்து, வெங்காயம் கரைந்து அதன்மேல் படியும். பார்க்க மிளகாயாகத் தெரிந்தாலும் மிளகாயை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். எனினும் சில கடைகளில் விதையை உதறுவதில்லை என்பதால், கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது.

இந்த வழியின் முதல் மறைச்செலவு நேரம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈரோட்டுப் பக்கத்து மெஸ்களில் கூட்டம் அலைமோதும். சென்ற ஆண்டு நாங்கள் பவானியில் கோயிலுக்குப் போய்விட்டு இரண்டே முக்கால் மணிக்கு ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். நாட்டுக்கோழியும் குடலும் தீர்ந்திருந்தன. மீதியிருந்த குழம்பையும் முட்டையையும் வைத்துச் சாப்பிட்டு எழுந்தோம். நாட்டுக்கோழி வேக நேரம் பிடிக்கும். தீர்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆகவே சனிக்கிழமை மதியமே போய்விடுங்கள், அதுவும் பன்னிரண்டரைக்கு. பவானி சங்கமேஸ்வரர் கோயிலைச் சாப்பாட்டுக்கு முன் திணிக்காமல் மறுநாள் காலைக்கு ஒதுக்குங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையே அதற்கு ஏற்றது. கூடுதுறையில் காவிரியும் பவானியும் கலப்பதையும் அப்போது அமைதியாகப் பார்க்கலாம்.

இரண்டாவது மறைச்செலவு சுங்கம். கணியூரில் ஒன்று, நெடுஞ்சாலையிலேயே தொடர்ந்தால் விஜயமங்கலத்தில் இன்னொன்று. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் திரும்பும் கட்டணம் பாதியாகும். சனி காலை போய் ஞாயிறு மாலை திரும்புகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரு முறையும் முழுக்கட்டணம்தான்.

கறி உண்ணாதவருக்கு இங்கே பெரிதாக எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கும் இலை போடுவார்கள், ஆனால் அந்த இலைக்காக யாரும் நூறு கிலோமீட்டர் வரமாட்டார்கள். இளைப்பாற இடமும் குறைவு. ஈரோட்டுக் கடைவீதி வெயிலில் பெரியவரை நடக்கவைக்க முடியாது. திரும்பும்போது மஞ்சள் வாங்கிக்கொள்ளலாம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

## பவானி ஆற்றங்கரை: பவானிசாகர், கொடிவேரி, கோபி, கவுந்தப்பாடி

அன்னூர், புளியம்பட்டி வழியாகப் பவானிசாகர். அங்கிருந்து சத்தியமங்கலம், கொடிவேரி, இரவு கோபியில் தங்கல். மறுநாள் கவுந்தப்பாடி போய்விட்டுத் திரும்புதல். இந்த வழியில் சோறு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொடிவேரியில் பவானி ஆற்றின் குறுக்கே உள்ள பழைய அணைக்கட்டிலிருந்து அரக்கன்கோட்டை, தடப்பள்ளி வாய்க்கால்கள் பிரிகின்றன. கோபிச் சுற்றுவட்டாரத்தின் நெல்வயல்கள் பச்சை மாறாமல் இருப்பது அந்தத் தண்ணீரால்தான். காலையில் அணையில் அருவிபோல் விழும் நீரில் குளித்துவிட்டு வெளியே வந்தால் பொரித்த மீன் வாசனை வரும்; அந்த நேரத்துப் பசிக்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அணைமீன் பற்றி ஒரு சொல். கட்லா, ரோகு போன்ற பெரிய மீன்களில் துண்டு போட்டால் முள் எடுப்பது எளிது. ஜிலேபி மீன் சுவையானது, ஆனால் சிறு மீனாக இருந்தால் ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொடுக்கும் பொறுமை வேண்டும். எந்த மீன், ஒரு துண்டு என்ன விலை என்று பொரிக்கச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஐந்து பேர் ஆளுக்கு இரண்டு துண்டு என்று கேட்டு எழுந்தால் ஒரு முழுச் சாப்பாட்டுக்கான தொகை ஆகிவிடும். பசியும் அடங்கிவிடும், மதியச் சாப்பாடு கெட்டுவிடும். ஆளுக்கு ஒரு துண்டு போதும்.

கோபியிலும் சத்தியிலும் மதியச் சாப்பாடு எளிமையானது. பருப்பு, குழம்பு, ரசம், பொரியல், தயிர் என்று வரும் இலைச்சாப்பாட்டில் சோற்றின் தரமே முன்னால் நிற்கும். தங்குமிடத்தில் முதல்நாளே சொல்லிவைத்தால் காலையில் சந்தகையோ கம்மஞ்சோறோ ஆக்கிக்கொடுப்பவர்களும் உண்டு. எழுபதைத் தாண்டிய எங்கள் அமுச்சி, அதாவது பாட்டி, இந்த வழியில்தான் ஒரு வேளைகூட ஒதுக்காமல் சாப்பிட்டார்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன ஊர். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கான சர்க்கரை இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் வழியாகக் கொள்முதலாகிப் போகிறது. சுற்றுப்புறத்தில் கரும்பு ஆலை ஓடும் நாட்களில், அனுமதி கேட்டு உள்ளே போனால் கொப்பரையில் பாகு கொதித்து நிறம் மாறுவதைப் பார்க்கலாம். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். பாகு தெறித்தால் புண்ணாகிவிடும். சர்க்கரை வாங்கும்போது மிக வெளுத்த மஞ்சளாக இருப்பதைத் தேடாதீர்கள்; சற்றுக் கறுத்த பழுப்பு நிறமே இரசாயனம் சேர்க்காத பாகுக்கு நெருக்கமானது.

இந்த வழியின் மறைச்செலவு நிச்சயமின்மை. ஆற்றில் நீர்வரத்து அதிகமானால் கொடிவேரியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். பவானிசாகர் அணையிலிருந்து உபரிநீர் திறந்தாலும் அதே நிலைதான். குளியலை நம்பி வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஏமாற்றம். மழைக்காலத்தில் கிளம்பும் முன் அன்றைய செய்தியைப் பார்த்துவிடுங்கள். பவானிசாகரை ஒட்டிக் காடு இருப்பதால் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் வண்டி ஓட்டுவதைத் தவிர்த்து, மாலை ஐந்தரைக்குள் கோபி வந்துவிட வேண்டும்.

## ஆனைமலை அடிவாரம்: பொள்ளாச்சி, ஆழியாறு

நான்கில் இதுவே மிகக் குறைந்த தூரம். கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர்; அங்கிருந்து ஆழியாறு அரைமணி நேரம். வண்டியில் உட்கார முடியாத பெரியவரும் கைக்குழந்தையும் இருந்தால் மற்ற மூன்றையும் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் பொள்ளாச்சியின் உணவு கடையில் இல்லை, தோப்பில் இருக்கிறது. ஊருக்குள் சாப்பிட்டுத் திரும்பினால் கோவையில் சாப்பிட்டதற்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. தென்னந்தோப்புக்குள் இருக்கும் தங்கும் வீடு ஒன்றில் அறை எடுத்து, வியாழக்கிழமையே தொலைபேசியில் கூப்பிட்டு, ‘சனி மதியம் அரிசிம்பருப்பும் நெய்யும், ஞாயிறு காலை சந்தகையும் தேங்காய்ப்பாலும் வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெயர் சொல்லாமல் ‘கொங்குச் சாப்பாடு’ என்று மட்டும் சொன்னால் பூரியும் பன்னீரும் வந்துவிடும். சந்தகைக்கு அரிசியை ஊறவைத்து அரைத்து, வேகவைத்து, சூடாறுமுன் பிழிய வேண்டும். பிழிவதற்கு இரண்டு ஆள் பலம் வேண்டும். பிள்ளைகளை அந்தப் பிழியும் கட்டையை அழுத்தச் சொல்லிப் பாருங்கள், அன்று அவர்கள் சாப்பிடும் அளவே வேறாக இருக்கும்.

செலவு இங்கே அறையில் ஒளிந்திருக்கிறது. பெட்ரோல் ஏறத்தாழ ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் தோப்பு வீடுகளின் வார இறுதிக் கட்டணம் ஊருக்குள் இருக்கும் விடுதியைவிடப் பல மடங்கு, சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாகவும் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு அரைக் கட்டணமா முழுக் கட்டணமா என்று முன்பே கேட்காமல் போனவர்கள் கடைசியில் மனக்கசப்போடு திரும்பியிருக்கிறார்கள். வேர் வாடல் நோயும் வெள்ளை ஈயும் தாக்கி விளைச்சல் குறைந்திருப்பதால் இளநீர்கூட முன்போல் மலிவாக இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. தோப்புக்காரர் படும் பாட்டைப் பார்த்தால் கேட்ட விலையைக் கொடுக்கவே தோன்றுகிறது.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் இந்த அடிவாரத்தைக் குளிர்வித்துவிடும். அந்த மாதங்களில் சூடான கொள்ளு ரசத்தோடு தோப்பில் உட்கார்ந்திருப்பது தனி இன்பம். ஆழியாறு அணையருகே மீன் வறுவலும் கிடைக்கும் என்றாலும், மீனுக்காக மட்டும் என்றால் கொடிவேரிப் பக்கமே போகலாம்.

## கொல்லிமலை

முடவாட்டுக்கால் கிழங்கு சூப், மலைவாழை, பலா, அன்னாசி, மிளகு, தினை, சாமை என்று சொல்லும்போதே ஆசை வரும். முடவாட்டுக்கால் என்பது கிழங்குதான், கறி அன்று. அதனால் சைவர்களும் தயங்காமல் குடிக்கலாம். ஆனால் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் சின்னவன் முப்பதாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டான். மேலே போய்ச் சேர்ந்தபோது யாருக்கும் சாப்பிட மனமில்லை. உணவுக்காகவே போகும் பயணத்தில் பசியைக் கொல்லும் பாதையைத் தேர்ந்தெடுப்பது பொருந்தாது. கோவையிலிருந்து போய்வர 420 கிலோமீட்டர் வேறு ஆகிவிடும். ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரத்துக்கு மேல் படிகள். பெரியவரை மேலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

நாமக்கல், சேலம், ராசிபுரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே மாறும். அவர்களுக்கு மலை பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியிருந்து, மூன்று நாள் விடுமுறையும் வந்தால், பலாக் காலத்தில் கட்டாயம் போக வேண்டிய இடம் அது.

## ஒரே பார்வையில்

| | காவிரிக்கரை | பவானிக்கரை | ஆனைமலை அடிவாரம் | கொல்லிமலை |
|---|---|---|---|---|
| போய்வரத் தூரம் (கி.மீ.) | 220 | 230 | 150 | 420 |
| பெட்ரோல் (ரூ.) | 1,500 | 1,550 | 1,000 | 2,900 |
| தலையான உணவு | பள்ளிபாளையம் சிக்கன், குடல், நெய் | அணைமீன், இலைச்சாப்பாடு, நாட்டுச்சர்க்கரை | சந்தகை, அரிசிம்பருப்பு, இளநீர் | கிழங்கு சூப், பழங்கள் |
| கறி உண்ணாதவருக்கு | குறைவு | நிறைவு | மிக நிறைவு | நிறைவு |
| பெரியவருக்கு | வெயில், நெரிசல் | எளிது | மிக எளிது | கடினம் |
| மறைச்செலவு | சுங்கம், காத்திருப்பு | குளியல் தடை, மீன் விலை | அறை, தலைக்கட்டணம் | நேரம், வாந்தி |

## எப்போது எது

நாட்காட்டியைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். புரட்டாசிச் சனிக்கு ஒருசந்தி விரதம் இருக்கும் வீடுகளில் காவிரிக்கரை வழி பொருளற்றுப் போகும். அந்த மாதத்தில் பொள்ளாச்சித் தோப்பு வீடே சரி. ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்களில் பவானிக் கூடுதுறையில் கால் வைக்க இடம் இருக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் ஈரோட்டைத் தவிர்த்துவிடலாம். பதநீரும் நுங்கும் கிடைக்கும் அந்தக் காலத்தில் கோபிப் பக்கம் சாலையோரத்தில் நிறுத்த நிறையக் காரணங்கள் இருக்கும்.

இளம் தம்பதியர், அல்லது வளர்ந்த பிள்ளைகளோடு கறிக்காகவே போகும் குடும்பம் என்றால் நான் யோசிக்காமல் காவிரிக்கரையைச் சொல்வேன். அவர்களுக்கு இரண்டு நாள்கூட வேண்டாம், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம், சுங்கச் சலுகையும் கிடைக்கும். பிரசவித்துச் சில மாதமே ஆன தாயோ, மூட்டுவலிக்காரரோ உடன் வந்தால் பொள்ளாச்சி. கையில் பணம் அளவாக இருந்து, மூன்று தலைமுறையும் ஒரே வண்டியில் இருந்தால் பவானிக்கரை.

வரும் ஐப்பசியில் எங்கள் வீட்டில் ஏழு பேர் போகிறோம், அமுச்சியும் வருகிறார். அணையில் தண்ணீர் அளவோடு வந்தால் கோபி. தடை போட்டுவிட்டால் பாதையை மாற்றிப் பொள்ளாச்சி போய்விடலாம் என்று, தோப்பு வீட்டுக்காரரிடம் அரைப்படி அரிசியை ஊறவைக்க வெள்ளிக்கிழமை இரவு வரை பொறுத்திருக்கும்படி கேட்டு வைத்திருக்கிறோம்.